வின்ச் இல்லாத வண்டி வர வேண்டாமாம்

காடு மேடெல்லாம் ஜீப் ஓட்டிப் போற நம்ம குரூப்ல வந்த அறிவிப்பைப் பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. பார்க்காதவங்களுக்கு: வின்ச்னா வண்டி மூக்குல பொருத்தி, பேட்டரி மோட்டார்ல ரோப்பைச் சுத்தி, மாட்டின வண்டியை இழுக்கற கருவி. அறிவிப்பு இதுதான்: "அடுத்த பயணத்துல இருந்து வின்ச் பொருத்தாத வண்டிகள் வர வேண்டாம்." அதுக்குக் கீழயே கரிசல்ல புதைஞ்சு நிக்கற என் ஜிப்சி போட்டோ, வரிசையாச் சிரிப்புப் பொம்மை. ரெண்டு நாள் பேசாமத்தான் இருந்தேன். இன்னைக்குக் காலையில ஒரு தம்பி போன் பண்ணி, "ஏனுங்ணா, இனி வரமாட்டீங்களா?"ன்னு கேட்டான். அதுக்கப்புறம் பேசாம இருக்க முடியல.

வின்ச் ஆகாத சாமான்னு நான் எங்கயும் சொல்லல. எல்லா வண்டிக்கும் அது கட்டாயம்னு சொல்றதுதான் தப்பு. நாம போறது இட்டேரி, ஓடை, தோட்டத்து வண்டித்தடம். அதுக்கு வின்ச் கட்டாயமே இல்ல.

அந்த போட்டோவுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு யாராவது போட்டீங்களா? ரெண்டு நாள் மழை குடிச்ச கரிசல். முன்னால போன வண்டி உழுதுட்டுப் போன தடத்துல இறங்கி, அச்சு வரைக்கும் அமுந்துட்டேன். ஆக்சிலேட்டரை மிதிச்சு முறுக்காம உடனே நிறுத்தினேன். நாலு டயர்லயும் காத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, மம்பட்டியால டயருக்குப் பின்னாடி சேத்தைச் சரிவா வெட்டி, வரப்புல கிடந்த தென்னமட்டையை அடியில கொடுத்தோம். பின்னாடி நின்ன வண்டியில பெல்ட் மாட்டி மெதுவா இழுத்தாங்க. இருபது நிமிஷம், அவ்வளவுதான். ஒரு மம்பட்டி, ஒரு பெல்ட், காத்து பார்க்கற மீட்டர், கூட ஒரு வண்டி. நான் கட்டாயம்னு சொல்றது இந்த நாலைத்தான்.

அதே நாள் பொழுதோட வின்ச் வண்டி ஒன்னு மாட்டுச்சே, அதை யாரும் போட்டோ எடுக்கல. வின்ச் தன்னால இழுக்காதுங்க, அதுக்குப் பிடிச்சுக்க ஒன்னு வேணும். வெறும் கரிசக்காட்டுக்கு நடுவுல எதைப் பிடிக்கும்? கடைசியில தோட்டத்துக்காரரோட தென்னையில கம்பி ரோப்பை நேராச் சுத்தி, கொக்கியை அதே ரோப்புல மாட்டி இழுத்தாங்க. மரத்துக்குப் போடற அகலப் பட்டை அந்த வண்டியில இல்ல. இத்தனை பணம் போட்டு வின்ச் வாங்கினவருக்கு அது வாங்கத் தோணல.

9,500 பவுண்டு வின்ச்னு பெருமையாச் சொல்றோம். கணக்குப் போட்டா சுமார் 4,300 கிலோ. ஆனா அந்த இழுவை, ரோப் சுத்தற டிரம்ல அடி அடுக்கு மட்டும் இருக்கறப்பத்தான். மேல ஒவ்வொரு அடுக்கு ஏற ஏறக் குறைஞ்சுக்கிட்டே வரும். முழுப் பாரத்துல 400 ஆம்பியர் வரைக்கும் கரண்ட் குடிக்கும், சாதாரண பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? ஏறத்தாழ ஒரு டன் இருக்கற ஜிப்சியோட மூக்குல முப்பது, நாப்பது கிலோ இரும்பை ஏத்தி, அதைத் தாங்க இன்னொரு இரும்பு பம்பர் வெச்சா, சேத்துல முதல்ல அமுங்கறதே அந்த மூக்குதான்.

"பாதுகாப்புக்குத்தானே சொல்றோம்"னு எழுதினவருக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

எங்க மாமா காங்கயம் பக்கம் கிணத்துவெட்டுக் கிரேன்ல வேலை பார்த்தவர். தினம் காலையில கந்தல் துணியை ரோப்பைச் சுத்திப் பிடிச்சு முழு நீளத்துக்கும் உருவுவார். அறுந்த கம்பிப் பிசிறு இருந்தா துணியில மாட்டும். மாட்டுச்சுன்னா அன்னைக்கு வேலை இல்ல. ஒரு நாள் அவசரத்துல உருவாம விட்டாங்க. எழுபது அடி ஆழத்துல இருந்து கல்லு ஏறி வர்றப்ப ரோப் அறுந்து, மேல இருந்த முனை சாட்டை மாதிரி திரும்புச்சு. மாமாவோட வலது முன்கை ரெண்டா ஒடிஞ்சுது. அந்தக் கையால இன்னைக்கும் சோத்து உருண்டை பிடிக்க வராது. நமக்கெல்லாம் சின்ன வயசுல இருந்து வின்ச்னா பழனி மலைதான். அங்கயே பராமரிப்புக்குன்னு சேவையை நிறுத்தி ரோப்பைப் பார்க்கறாங்க. நம்ம குரூப்ல ரோப்பை முழுசா ஒரு தடவை அவுத்துப் பார்த்தவங்க எத்தனை பேர்? அன்னைக்கு ரோப் விறைச்சு நின்னப்ப, பத்தடி தள்ளி ரெண்டு பசங்க செல்போனோட நின்னாங்க. அறுந்தா வீசாம இருக்க ரோப் மேல ஒரு சாக்கு, ஒரு தடிப் போர்வை போடக்கூட ஆளில்ல. நான் கத்தித்தான் பசங்க நகர்ந்தாங்க. பாதுகாப்பைப் பத்தி எனக்குச் சொல்லித் தராதீங்க.

ஒத்த வண்டியில போறவன் என்ன செய்வான்னு கேட்டா, ஒத்த வண்டியில போகவே கூடாது. கோவாவுல நடக்கற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்ல வின்ச் இல்லாம முடியுமான்னா, முடியாது, ஒத்துக்கறேன். அது போட்டி. பழகின ஆள் ரெண்டு பேரு, கையுறை போட்டுக்கிட்டு, தெரிஞ்சு செய்யறாங்க. ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி பிள்ளைகளோட ஓடை பார்க்கப் போற நமக்கு எதுக்குங்க அந்தச் சட்டம்?

"வாங்க வசதியில்லாதவன் பேச்சு"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அவரோட வண்டியவே ரெண்டு தடவை என் பெல்ட் இழுத்திருக்கு. அப்பவும் என் வண்டியில வின்ச் இல்ல. ஏழு வருஷமா முதல் ஆளா வந்து கடைசி ஆளாப் போனவன் நான். வர வேண்டாம்னா ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். போட்டோ போட்டுச் சிரிச்சிருக்க வேண்டாம்.

வின்ச்சை விடுங்க. புதன்கிழமை தார் டப்பா வாங்கிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ரோப் மரத்தைச் சுத்தி விரல்கடை ஆழத்துக்கு வளையமா அறுத்திருக்கு. நார் பிதுங்கி, செங்காவி நிறத்துல நீர் வடிஞ்சு காஞ்சிருக்கு. வேம்பு மாதிரி பட்டை வளர்ந்து மூடற மரமில்ல தென்னை. பட்ட காயம் ஆயுசுக்கும் அப்படியே நிக்கும். அந்தக் காயத்து வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வெக்கும். உள்ள புழு குடைஞ்சு, குருத்துச் சாயறப்பத்தான் வெளிய தெரியும். வருஷா வருஷம் மரத்தைப் பறிகொடுத்துட்டு நிக்கற எங்களுக்கு அது தெரியும். நான் தார் பூசற வரைக்கும் தோட்டத்துக்காரப் பெரியவர் பக்கத்துலயே நின்னார். ஒரு வார்த்தை திட்டல. இளநி வெட்டிக் கொடுத்துட்டுச் சொன்னார்:

"மறுக்கா வந்தீங்கன்னா இந்தப் பக்கம் வேண்டாங் கண்ணு. கிழக்காலத் தடத்துல வரச் சொல்லுங்க, அங்க மண்ணு இறுக்கமா இருக்கும்."