புலிக்கு மாலை போடப் போனவர்கள்

1996 புத்தாண்டு அன்று கல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் இரண்டு பேர் புலி இருக்கும் இடத்துக்குள் இறங்கினார்கள். கையில் பூமாலை. சிவா என்ற அந்தப் புலிக்கு மாலை போட்டு மரியாதை செய்யப் போனார்களாம். ஒருவர் பிணமாகத்தான் வெளியே வந்தார்.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வருகிறது. அடுத்து, "தண்ணியப் போட்டுட்டுப் போயிருப்பானுங்க" என்கிறார்கள். அப்போதைய செய்திகளும் அப்படித்தான் சொல்லின. சரி, அவர்கள் போதையில் போனார்கள். தெளிவாக இருக்கிற நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். எந்தப் பூங்கா என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் நடப்பதுதான். முதலைத் தொட்டி. பெரிய முதலை ஒன்று வாயை ஆவென்று திறந்தபடி கரையில் கிடக்கிறது. அசைவே இல்லை. கைப்பிடிச் சுவரைச் சுற்றி நல்ல கூட்டம். "உயிரோட இருக்கா, பொம்மையா?" என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை வீசினார். முதுகில் பட்டு, உருண்டு, தண்ணீரில் விழுந்தது. முதலை கண்டுகொள்ளவில்லை. கூட்டத்துக்கு அது தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது போல. அடுத்து ஒரு பையன் வேர்க்கடலைப் பொட்டலத்தை எறிந்தான், அடுத்தவர் கல்லைத் தேடிக் குனிந்தார். எல்லோருக்கும் குறி அந்தத் திறந்த வாய்.

"அண்ணே, போடாதீங்க" என்றேன்.

"ஏம்ப்பா, டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்கோம்?" என்றார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

எனக்கு அந்தப் பதில்தான் எல்லாமுமாகத் தெரிகிறது. காசு கொடுத்தாயிற்று, அது ஏதாவது செய்து காட்ட வேண்டும். முதலை வாயைத் திறந்து வைத்திருப்பது உடம்புச் சூடு தலைக்கேறாமல் தணித்துக்கொள்ள. அதற்கு அதுவே ஒரு வேலை. சிங்கம் காட்டில் இருந்தாலும் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் படுத்தேதான் கிடக்கும். படுத்திருக்கிற சிங்கத்தைப் பார்த்து விசில் அடித்து எழுப்பப் பார்க்கிறோம். அதே நேரம் கம்பியோரமாக ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருக்கிற சிறுத்தையைப் பார்த்து, "இதுதான்டா சூப்பரா நடக்குது" என்று வீடியோ எடுக்கிறோம். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால், இந்த ஓயாத நடைதான் அடைபட்ட விலங்கின் மன உளைச்சலுக்கு அடையாளம் என்பார்கள். தூங்குகிற சிங்கம் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். நமக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது.

வெறும் கல்தானே என்று நினைக்க வேண்டாம். 2017இல் துனிசியத் தலைநகரான துனிஸில், பெல்வெடேர் பூங்காவின் முதலை ஒன்றைப் பார்வையாளர்கள் கல்லாலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் ஃபூசோ நகரில், கங்காரு துள்ளவில்லை என்று செங்கல்லை விட்டெறிந்திருக்கிறார்கள். 12 வயதுப் பெண் கங்காரு, அடிபட்டுச் செத்தது. ஊர்தான் வேறு, "ஏதாவது பண்ணேன்டா" என்கிற புத்தி ஒன்றுதான்.

கல் எறியாதவர்கள் தின்பண்டம் எறிவார்கள். இதைப் புண்ணியம் என்றே நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். மான் அசைபோடுகிற பிராணி. சிப்ஸின் உப்பு வாசம் ஒட்டிய பிளாஸ்டிக் உறையையும் சேர்த்தே விழுங்கிவிடும். அது இரைப்பையில் பந்தாகத் திரண்டு தங்கிவிட்டால், வயிறு நிறைந்த உணர்வோடேயே பட்டினியில் சாகும். குரங்குக்கு நாம் கொடுக்கிற பிஸ்கட்டோடு நம் எச்சிலும் போகிறது, எச்சிலோடு நம் சளியும் காசநோயும்கூடப் போகலாம். மனிதர்களிடையே பரவிய நோய் விலங்கையும் எப்படித் தாக்கும் என்பதை வண்டலூரில் 2021 ஜூனில் பார்த்தோம். கொரோனா தொற்றிய சிங்கங்களில் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது, இரு வாரத்தில் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போயிற்று. பூங்காவுக்குள் பார்வையாளர்களே விடப்படாத நாட்கள் அவை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 38 ஜே. உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. ஒருவர் மேலாவது வழக்குப் போட்டதாக உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.

இனி தடுப்பு விஷயம். இரும்புக் கம்பிக் கூண்டை எடுத்துவிட்டு அகழி வைக்கும் முறையைப் பிரபலப்படுத்தியவர் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் தாவும் என்று சோதித்துப் பார்த்து, 1907இல் ஹாம்பர்க் அருகே கம்பியில்லாப் பூங்காவைத் திறந்தார். நம் வண்டலூரின் திறந்தவெளி அடைப்புகளும் அந்த வழியில் வந்தவைதான். இந்த முறையின் அழகே தடுப்பு கண்ணுக்குத் தெரியாததுதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கம்பி இல்லையென்றால் நடுவில் எதுவுமே இல்லை என்று மனசு நம்பிவிடுகிறது. தவிர, ஹாகன்பெக் விலங்கின் தாவலைத்தான் அளந்தார். மனிதன் எதிர்த்திசையில் தாவுவான் என்பதை யார் அளப்பது?

விலங்கின் தாவலைக்கூடச் சரியாக அளக்காமல் விட்ட இடங்கள் உண்டு. 2007 கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் தாத்தியானா என்ற சைபீரியப் புலி வெளியே வந்து 17 வயதுப் பையனைக் கொன்றது. சுவர் 18 அடி என்று முதலில் சொன்னார்கள். அளந்து பார்த்தால் 12.5 அடி. அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கம் பரிந்துரைத்திருந்தது 16.4 அடி. அந்த இளைஞர்கள் புலியைச் சீண்டினார்களா இல்லையா என்று நீண்ட நாள் சண்டை ஓடியது. சீண்டியே இருக்கட்டும், சீண்டினால் ஏறி வரக்கூடிய சுவரைச் சுவர் என்று சொல்ல முடியாது. தாத்தியானாவைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

ஹராம்பே என்ற கொரில்லாவின் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பப் பேச வேண்டும். 2016 மே 28, அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்கா. மூன்று வயதுக் குழந்தை தடுப்பைத் தாண்டி அகழிக்குள் விழுந்தது. கொரில்லா குழந்தையைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனது, பூங்காவினர் சுட்டார்கள். முந்தின நாள்தான் ஹராம்பேக்கு 17 வயது நிறைந்திருந்தது. உலகமே அந்தத் தாயைத் திட்டியது. நம் ஊர் முகநூலில்கூட "பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதவ" என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளை பெற்ற யாருக்கும் தெரியும், மூன்று வயதுப் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்று. 38 ஆண்டுகளில் ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை என்றது நிர்வாகம். உண்மைதான். ஆனால் அந்தத் தடுப்பு மூன்றடி உயரம்தான். சம்பவத்துக்குப் பிறகு அதை மூன்றரை அடியாக்கி, இடைவெளியில் கயிற்று வலை கட்டினார்கள். ஒரு வலை! அதை முதலிலேயே கட்டியிருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏன் மயக்க ஊசி போடவில்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். சினிமாவில் ஊசி பட்டதும் யானை சாய்ந்துவிடும். நிஜத்தில் மருந்து வேலை செய்யப் பல நிமிடம் பிடிக்கும். அதுவரை, குத்திய வலியில் மிரண்ட மிருகத்தின் கையில் குழந்தை இருக்கும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் சுடுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இருக்காது. அந்தக் கட்டம் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் தடுப்பு. தடுப்பு நம்மைக் காப்பாற்றுவதைவிட, நம் மடத்தனத்துக்காக விலங்கைச் சுட வேண்டிய நிலை வராமல் விலங்கைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது.

குழந்தை விஷயத்தில் நான் பூங்காவைக் கேள்வி கேட்பேன். வளர்ந்தவர்கள் விஷயத்தில் மாட்டேன். 2007 டிசம்பரில் குவாஹாத்தியில் ஒருவர், பக்கத்தில் போட்டோ எடுக்க வேண்டும் என்று தடுப்பைத் தாண்டிப் போய்ப் புலிக்கூண்டின் கம்பிக்குள் கையை விட்டார். கை போயிற்று, உயிரும் போயிற்று. 2024 பிப்ரவரியில் திருப்பதி பூங்காவில் ஒருவர் வேலி ஏறிக் குதித்துச் சிங்கத்திடம் சிக்கி இறந்தார். இப்படி ஏறுகிறவர்களில் மனநிலை சரியில்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் ஒருவர் வேலியில் ஏறத் தொடங்கும்போது சுற்றி நிற்கிற கூட்டம் என்ன செய்கிறது? போனை எடுக்கிறது.

2014 செப்டம்பர் 23, டெல்லி. விஜய் என்ற வெள்ளைப் புலியின் அகழிக்குள் ஓர் இளைஞர். தாவினாரா, தவறி விழுந்தாரா என்று இரண்டு விதமாகவும் பேசினார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புலி உடனே பாயவில்லை. சுவரோரம் ஒடுங்கிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தவரைப் பல நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றது, முன்னங்காலால் தொட்டுப் பார்த்தது. மேலே இருந்தவர்கள் கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். காப்பாற்றத்தான் எறிந்தார்கள், சந்தேகமே இல்லை. புலி அவர் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போனது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மிரண்ட மிருகத்தை மேலும் மிரட்டினால் என்ன ஆகும் என்று மாடு வளர்த்த எவருக்கும் தெரியும். 1996இல் சிகாகோ அருகே புரூக்ஃபீல்டில் ஒரு குழந்தை விழுந்தபோது பின்டி ஜுவா என்ற பெண் கொரில்லா, முதுகில் தன் குட்டி தொங்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பணியாளர்கள் வரும் கதவருகே வைத்தது. எல்லா நாளும் பின்டி ஜுவா கிடைக்காது. கிடைத்தாலும் கூச்சலுக்கு நடுவில் அதுவும் என்ன செய்யும் என்று சொல்வதற்கில்லை.

என்ன செய்யலாம்? சுவரை உயர்த்திக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் அது சிறைச்சாலை. குழந்தை நுழையும் இடைவெளியெல்லாம் அடைபட வேண்டும், அதில் பேச்சே இல்லை. அதற்கு மேல், போர்டுக்குப் பதில் ஆள் வேண்டும். "சத்தம் போடாதீர்" போர்டின் மேலேயே குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறவர்கள் நாம். புலி, சிங்கம், முதலை, குரங்கு இந்த நான்கு இடத்திலாவது பேசத் தெரிந்த ஆளை நிறுத்தலாம். விசிலோடு அதட்டுகிறவர் வேண்டாம். "அது ஏன் வாயைத் திறந்திருக்கு தெரியுமா தம்பி?" என்று கேட்கிறவர் வேண்டும். அன்று எங்கள் முதலைத் தொட்டியில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் கூட்டத்தில் பாதிப் பேராவது கல்லைக் கீழே போட்டிருப்பார்கள். மீதிப் பேருக்கு 38 ஜே இருக்கவே இருக்கிறது. மாதம் நாலு பேருக்கு அபராதம் போட்டு நுழைவாயிலில் எழுதிப்போட்டாலே போதும்.

காணும் பொங்கலன்று வருகிற கூட்டத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். நேரம் பிரித்து டிக்கெட் கொடுப்பது ஒன்றும் முடியாத காரியமில்லை, திருப்பதி தரிசனத்துக்கே கொடுக்கிறார்கள். ஓட்டு போகும் என்றோ வருமானம் போகும் என்றோ யாராவது தடுப்பார்கள். தடுக்கட்டும், கேட்டுக்கொண்டே இருப்போம்.

பிள்ளைகளோடு வண்டலூர் போகிறவர்கள் காலையில் திறந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் நிழலில் படுத்துவிடும், அப்புறம் உங்களுக்கும் கல் எடுக்கத் தோன்றும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, கேட் வரை போய்த் திரும்பாதீர்கள்.