ஃபிளாஷ் தேவைப்படுகிற பறவை வேறு, நாம் அடிக்கிற பறவை வேறு

பறவைப் படக் குழுவில் யாராவது ஃபிளாஷ் பேச்சை எடுத்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு அது பாவம், அடித்தால் பறவைக்குக் கண்ணே போய்விடும். இன்னொரு கட்சி, "மின்னல் வெட்டினால் மட்டும் போகாதா?" என்று எதிர்க்கேள்வி போடும். இந்தக் கூச்சலில் அந்தப் பறவைக்கு அந்த இடத்தில் ஃபிளாஷ் தேவைதானா என்று யாரும் கேட்பதில்லை.

தட்டேக்காட்டுப் பறவைச் சரணாலயத்துத் தவளைவாயன் என்ற இரவுப் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவோடு கேரளம் போகிறவர்கள் பட்டியலில் தவறாமல் இருக்கும் பெயர். பகல் முழுக்கப் புதருக்குள், காய்ந்த சருகோடு சருகாக ஜோடியாய் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று உடனே ஃபிளாஷை மாட்டிவிடுகிறோம். ஆனால் அந்தப் பறவை பகலில் உயிர் தப்புவதே அசையாமல் இருப்பதால்தான். அசையாத ஒன்றைப் படமெடுக்க 1/500 நொடி ஷட்டர் எதற்கு? 1/15 தாராளமாகப் போதும்.

ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றாதீர்கள், கால்களை மட்டும் நீட்டுங்கள். 400 அல்லது 500 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, 1/15 நொடி. அடர்ந்த நிழலுக்கு இதில் ஆரம்பித்து, ஹிஸ்டோகிராமை (திரையில் வரும் வெளிச்ச வரைபடம்) பார்த்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை ஒரு மடங்கு கூட்டியோ பாதியாக்கியோ, ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். பழைய லென்ஸ் என்றால் ட்ரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். அதிர்வைத் தவிர்க்க, கேமரா டிஎஸ்எல்ஆர் ஆக இருந்தால் லைவ் வியூ, மிரர்லெஸ் என்றால் எலக்ட்ரானிக் ஷட்டர், கூடவே இரண்டு நொடி டைமர். ஆட்டோஃபோகஸை நம்பினால் முன்னால் தொங்கும் இலையைத்தான் பிடிக்கும். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, கண்ணோரத்து மயிரிழையில் கையால் ஃபோகஸ் வையுங்கள். பறவை ஆடாது, காற்றில் கொம்புதான் ஆடும். காற்று ஓயும் நேரத்தில் ஏழெட்டு ஃபிரேம் எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக வரும். ரா ஃபைலில் எடுத்தால் இலைகளின் பச்சைச் சாயத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அதே இடத்தில் ஃபிளாஷ் அடித்தால் என்ன ஆகும்? வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். முன்னால் தொங்கும் இலை 3 மீட்டரில், பறவை 6 மீட்டரில் என்றால், இலைக்குப் பறவையைவிட நாலு மடங்கு வெளிச்சம் விழும். அதாவது இரண்டு ஸ்டாப் கூடுதல். இலை வெளுத்துப்போகும், பின்னணி கரியாகும். மரப்பட்டை மாதிரித் தெரிய வேண்டிய இறகு, தட்டையான அட்டையாகிவிடும். அந்தப் பறவையின் அழகே அது மறைந்திருக்கும் விதம்தான், அதையே அழித்துவிட்டு என்ன படம் அது?

தேவைப்படும் இடம் வேறு. காலை பத்து மணிக்கு மேல், உச்சிக்கொப்பில், வெளுத்த வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காரும் மாங்குயில், குக்குறுவான், அரசவால் ஈப்பிடிப்பான். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பறவை கருநிழல், பறவைக்கு வைத்தால் வானம் காலி. இங்கே ஃபில் ஃபிளாஷ், அதாவது நிழலை மட்டும் நிரப்பும் மெல்லிய ஃபிளாஷ், உண்மையிலேயே உதவும். கேமராவை மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1000. வானம் இதில் வெள்ளைக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஃபிளாஷ் டிடிஎல்லில் (லென்ஸ் வழியே அளவெடுத்துத் தானே வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் முறை), காம்பன்சேஷன் மைனஸ் 2, அதாவது அந்த அளவைவிட இரண்டு ஸ்டாப் குறைவு. படத்தைப் பார்ப்பவருக்கு ஃபிளாஷ் அடித்ததே தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

இதில் பலரும் கோட்டைவிடுவது தூரக் கணக்கில். நல்ல ஃபிளாஷின் கைடு நம்பர் (எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் தரும் எண்), தலையை 200 மி.மீ.க்கு ஜூம் செய்தால், ஐஎஸ்ஓ 100-ல் சுமார் 60 மீட்டர். ஐஎஸ்ஓ 400-ல் அது 120. எஃப் 8 ஆல் வகுத்தால் 15 மீட்டர். அடேயப்பா, தாராளம் என்று தோன்றும். ஆனால் இது சிங்க் வேகத்துக்குள் (சென்சார் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் உச்ச ஷட்டர் வேகம்), அதாவது 1/200 அல்லது 1/250க்குள் மட்டுமே. 1/1000 போக ஹை ஸ்பீட் சிங்க் போட்டாக வேண்டும். அதில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக அடிக்காது, ஷட்டர் பிளவு சென்சாரைக் கடந்து முடியும்வரை துடித்துத் துடித்து எரியும். போட்ட உடனே இரண்டு ஸ்டாப் போச்சு, அதற்கு மேல் ஷட்டர் வேகம் இரட்டிக்கும்போதெல்லாம் இன்னொரு ஸ்டாப். 1/1000-க்குள் நாலு ஸ்டாப் வரை கரைந்துவிடும். 15 மீட்டர் 4 மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. மைனஸ் 2 ஃபில்தானே வேண்டும் என்பதால் 7 அல்லது 8 மீட்டர் கிடைக்கும். மாங்குயில் அவ்வளவு கிட்ட விடுமா?

அதற்குத்தான் ஃபிளாஷ் முன்னால் மாட்டி, வெளிச்சத்தைக் குவித்துத் தூரமாக அனுப்பும் ஃப்ரெனல் எக்ஸ்டெண்டர் என்ற லென்ஸ் தகடு. இதை மாட்டும்போது ஃபிளாஷ் தலையை 200-ல் வைக்கக்கூடாது, 50 மி.மீ. பக்கம் இறக்க வேண்டும். 300 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் ஓரங்கள் இருண்டுவிடும். மாட்டியபடியே வெயிலில் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மடத்தனம். பூதக்கண்ணாடிக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது, சூரியன் நேராக விழுந்தால் ஃபிளாஷ் முகப்பு பிளாஸ்டிக் உருகும். நடக்கும்போது கழற்றிவிடுங்கள். ஃபுல் பவரில் தொடர்ந்து அடித்தால் ஃபிளாஷ் சூடேறித் தானே நின்றுவிடும். அல்கலைன் பேட்டரியைத் தூக்கிப்போட்டுவிட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வாங்குங்கள், மறுபடி சார்ஜ் ஏறும் நேரம் பெருமளவு குறையும்.

அடுத்தது கண். படத்தில் கண்மணி வெள்ளித் தகடு மாதிரியோ சிவப்பாகவோ வந்தால், ஃபிளாஷும் லென்ஸும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன என்று அர்த்தம். லென்ஸுக்கு 15 செ.மீ. மேலே ஃபிளாஷ் இருந்தாலும், 10 மீட்டர் தூரத்துப் பறவைக்கு அந்தக் கோணம் ஒரு டிகிரிகூட இல்லை. பிராக்கெட்டும் ஆஃப் கேமரா கேபிளும் வாங்கி 30 செ.மீ.க்குத் தூக்குங்கள். கண்ணை ஃபோட்டோஷாப்பில் கறுப்படிப்பதைவிட அது மேல். அதோடு, டிடிஎல் அளவெடுக்க முதலில் ஒரு சிறு வெட்டு வெட்டும். சில சின்னப் பறவைகள் அதற்கே இமைத்துவிடுவதால் படத்தில் கண் பாதி மூடியிருக்கும். தூரம் மாறாத இடமென்றால் ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றுங்கள், முன்வெட்டு இருக்காது.

கோஸ்டாரிகா ரீங்காரச்சிட்டுப் படங்களைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சிறகை உறையவைப்பது ஷட்டர் இல்லை. நாலைந்து ஃபிளாஷை 1/16 பவருக்கு இறக்கினால் ஒவ்வொன்றின் வெட்டும் சுமார் 1/10,000 நொடிதான். சுற்றுவெளிச்சம் சேராதபடி எஃப் 16 வைத்து, ஷட்டர் 1/200. ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் இந்த வித்தையே நடக்காது. தீனிப்புட்டிக்குப் பழகிய பறவையிடம் செய்யும் அந்த ஸ்டூடியோ வேலையை நம் காட்டில் ஆந்தைக்கு நியாயமாகக் கொண்டுவராதீர்கள்.

பகலில் மைனஸ் 2 ஃபில், வெயில் பட்டுப் பழகிய கண்ணுக்குப் பெரிய விஷயமில்லை. இரவு அப்படி இல்லை. இருட்டுக்குப் பழகிய கண், பளிச்சென்று வெளிச்சம் பட்டபின் பழைய நிலைக்குத் திரும்ப மனிதருக்கே இருபது முப்பது நிமிடம் ஆகும். பக்கி என்ற இரவுப் பறவைக்கு விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் வேறு இருக்கிறது. இரை தேடும் நேரத்தில் ஆந்தைக்கும் பக்கிக்கும் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்தி மங்கும் நேரத்தில் ஐஎஸ்ஓ 6400-ல் 1/30 எடுங்கள். இன்றைய நாய்ஸ் குறைப்பு மென்பொருள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கூடு பக்கம் ஃபிளாஷே பேச்சில்லை. அங்கே ஃபிளாஷைவிட மோசமானது, முன்னாலிருக்கும் இலையின் நிழல் விழாமலிருக்க அந்த இலையைக் கிள்ளுவது, கொம்பைக் கட்டி இழுப்பது. திறந்துகிடக்கும் கூட்டைக் காக்கை கண்டுபிடிக்க அரை நாள் போதும், குஞ்சு மேல் வெயிலும் நேராக இறங்கும். தவளைவாயன் இடுவதே ஒற்றை முட்டை, பகலில் அடைகாப்பது ஆண். அதை எழுப்பிவிட்டால் முட்டைக்கு வேறு காவல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பதன் விளக்கத்துக்குள்ளேயே கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதைச் சேர்த்து வைத்திருக்கிறது. கைடு இலையை ஒதுக்கிக் காட்டினால், "வேண்டாம் சேட்டா, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.