கடைசி ஆள் வரும்வரை ரைடு முடியவில்லை

ஞாயிற்றுக்கிழமை பொங்கலூர் ரைடில் என்ன நடந்தது என்று கோவையில் சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: குரூப்போடு வந்த ஓர் அண்ணன் திரும்பும் வழியில் பின்தங்கி, பஞ்சராகித் தனியாக நின்றார், மற்றவர்கள் காத்திருக்காமல் போய்விட்டார்கள். சூலூர் பேக்கரி வாசலில் எடுத்த குரூப் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே "21 ஆவரேஜ்ல வர்றவங்க எல்லாம் வாக்கிங் போங்கப்பா" என்று, மணிக்கு 21 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வருகிறவர்களைக் கேலி செய்து ஒருவர் போட்ட கமெண்ட்டையும், அதற்கு விழுந்த ஹார்ட்டுகளையும் பார்த்திருப்பீர்கள். நான் முதலில் வாட்ஸ்அப் குரூப்பில்தான் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அட்மின் மட்டும் பதிவு போடலாம் என்று குரூப்பையே மாற்றிவிட்டார்கள். சரி, அங்கே பேச முடியாதென்றால் இங்கே பேசுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். குரூப் ரைடு என்று அழைத்தால், கடைசி ஆள் வந்து சேரும்வரை அந்த ரைடு முடியவில்லை. முன்னால் போனவர்கள் டீ குடித்தாலும் முடியவில்லை, போட்டோ எடுத்தாலும் முடியவில்லை, ரைடைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் ஏற்றினாலும் முடியவில்லை.

ரைடு அறிவிப்பை மறுபடி எடுத்துப் படியுங்கள். "யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். புதியவர்கள் தைரியமாக வரலாம். பம்ப், டூல்ஸ் எங்களிடம் இருக்கும்." இது நான் எழுதியதல்ல, நீங்கள் எழுதியது. இதை நம்பித்தான் அந்த அண்ணன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணபதிப் பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பட்டறைக்கு வரும் ஒரு காலேஜ் பையனிடமிருந்து பழைய ரோடு பைக்கை வாங்கி, தானே பிரித்துத் துடைத்து கிரீஸ் போட்டு ஓட்ட ஆரம்பித்தார். சிறுவாணி ரோடு, ஆனைகட்டி என்று தனியாகவே போய்க்கொண்டிருந்தவரை "குரூப்போட வாங்கண்ணா, நல்லா இருக்கும்" என்று அழைத்தது நம் ஆட்கள்தான்.

அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்று வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே புகுந்து நேராகக் கிழக்கே அடிக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். கோவையிலிருந்து பொங்கலூர் போய்வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போகும்போது காற்று முதுகைத் தள்ளும். 35 வேகத்தில் பறக்கலாம், கால் வலியே தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். ஆடியில் இந்த ரோட்டில் ரைடு வைத்தால், போகும் வேகத்தைப் பார்த்து யாரையும் எடை போடக்கூடாது. லீட் பண்ணுகிறவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

எதிர்க்காற்றில் கூட்டம் எதற்கு? ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டத்தான். சமதளத்தில் 30 வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை வெல்ல மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் அந்தச் சுமையில் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு முழ இடைவெளியில் பயமில்லாமல் ஓட்டப் பழக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இடித்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு சைக்கிள் தூரம், இரண்டு சைக்கிள் தூரம் விட்டுத்தான் வருவார்கள். அந்த இடைவெளியிலேயே காற்றுக்குக் கிடைக்கிற மறைவு நிறையக் குறைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்வரிசை மெதுவாக இறங்கி ஏறும், கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று மிதித்து விரட்டிப் பிடிக்க வேண்டும். பல்லடம் தாண்டி அப்படி விரட்டி விரட்டித்தான் அவர் கழன்றிருக்கிறார். ஒருமுறை கழன்றுவிட்டால் முழுக் காற்றும் அவர் ஒருவர் நெஞ்சில். கூட்டம் 30-ல் போகும்போது தனி ஆளால் அதைப் பிடிக்கவே முடியாது. அவரிடம் வலு இல்லை என்று சொல்லாதீர்கள். நம்மில் யாரை அங்கே கழற்றி விட்டிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

முன்னால் இருப்பவர் 30-லிருந்து 25-க்கு இறங்கியிருந்தால் போதும். அல்லது கடைசி ஆளோடு வர வேண்டிய ஸ்வீப் என்று ஒருவரைப் பெயருக்குப் போட்டிருந்தீர்களே, அவர் பின்னால் இருந்திருந்தாலாவது போதும். அந்தத் தம்பியும் முன்வரிசையில்தான் போயிருக்கிறார். பேக்கரி போட்டோவில் முதல் ஆளாக நிற்கிறார்.

காரணம்பேட்டைக்கு இந்தப் பக்கம் அண்ணனுக்குப் பஞ்சர். கல்குவாரி டிப்பர் லாரிகள் ஓயாமல் போகிற இடம் அது. ஸ்பேர் ட்யூப் கையில் இருந்தது. கழற்றவும் மாட்டவும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இரும்போடு வாழ்கிற மனிதர். பம்ப்தான் இல்லை. பம்ப் எங்களிடம் இருக்கிறது என்று சொன்னது யார்? லீட் பண்ணியவருக்கு இரண்டு முறை போன் அடித்திருக்கிறார், எடுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தார். ரோடு பைக் ட்யூபில் பிரெஸ்டா வால்வு. மெலிந்த வாய், நுனியில் குட்டித் திருகு. கடைக்காரரின் காற்றுக் குழாய் அதில் உட்காரவே இல்லை. கடைக்காரத் தம்பி பாவம், துணியைச் சுற்றி அழுத்திப் பார்த்திருக்கிறார், காற்று வெளியில்தான் போனதாம். கடைசியில் தேங்காய் ஏற்றி வந்த டாடா ஏஸ் ஒன்றை நிறுத்தி, மூட்டைகளின் மேல் சைக்கிளைப் படுக்கவைத்து, அதைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். சூலூரில் அந்த வண்டி பேக்கரியைக் கடக்கும்போது நீங்கள் எல்லாரும் வாசலில் போட்டோவுக்கு நின்றிருந்தீர்கள். அவர் உங்களைப் பார்த்தார். "கூப்பிட்டிருக்கலாமேண்ணா" என்றேன். "எதுக்குங்க அம்மிணி, சந்தோசமா நின்னுட்டு இருந்தாங்க" என்றார்.

இதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நின்றால் ஆவரேஜ் போய்விடும்" என்று ஒருவர் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். தம்பி, ஸ்ட்ராவா ரைடுகளில் சராசரி வேகத்தை நகர்ந்த நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நீங்கள் அரைமணி நேரம் நின்று அவருக்குக் காற்றடித்துக் கொடுத்திருந்தாலும் அந்த எண் குறைந்திருக்காது. பேக்கரியில் உட்கார்ந்த நேரத்தில் குறைந்ததா என்ன? பேக்கரிக்கு நிற்க முடிந்தது, மனிதருக்கு நிற்க முடியவில்லை.

அடுத்து, பிஆர்எம் எனப்படும், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு ஓட்டுகிறவர்கள் கொண்டுவந்த வாதம். "லாங் ரைடுன்னா செல்ஃப் சப்போர்ட்தான், யாரும் யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை." பிஆர்எம்முக்கு அது சரி. அங்கே அது எழுதி வைத்த விதி, தெரிந்துதான் பணம் கட்டுகிறோம். நீங்கள் எழுதியது வேறு. ஆனால் பிஆர்எம் பேச்சை எடுத்தீர்கள் அல்லவா, அதையும் முழுதாகப் பேசுவோம். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் இதற்குள். கணக்குப் போட்டால் 600-ல் மணிக்கு 15 வருகிறது. நீங்கள் எல்லாரும் கனவு காணுகிற பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-ல் பந்தயமாகத் தொடங்கிய அந்த ரைடில் இன்று முதல் பரிசு என்று ஒன்றே கிடையாது. நேரத்துக்குள் வந்தால் எல்லாரும் ஒன்றுதான். 21 ஆவரேஜில் நிதானமாக ஓட்டுகிறவர் 600 முடித்துவிட்டு நடுவில் தூங்கவும் செய்யலாம். அந்த 21-ஐத்தான் வாக்கிங் என்றீர்கள். அதுவும் எதிர்க்காற்றில், தனி ஆளாக ஓட்டிய 21.

"வேகமாக ஓட்டுகிறவர்களுக்கும் ட்ரெய்னிங் வேண்டாமா?" வேண்டும். தாராளமாக வேண்டும். ஃபாஸ்ட் ரைடு என்று தனியாகப் போடுங்கள், 32-க்குக் கீழே வருகிறவர்கள் வர வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கூட்டம் நிறைய தெரிய வேண்டும் என்பதற்காகப் புதியவர்களை அழைத்து, போட்டோவுக்கு முன்பே அவர்களைக் கழற்றி விடுவதைத்தான் கேட்கிறேன்.

"நீங்க அன்னைக்கு வரவே இல்லையே அக்கா." ஆமாம், குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தேன். நான் வந்திருந்தால்தான் இது தப்பாகுமா?

பந்தியில் பக்கத்து இலைக்காரர் இன்னும் மோர் சாதத்தில் கை வைத்திருக்கும்போது நாம் இலையை மடித்துவிட்டு எழ மாட்டோம். யாரும் விதி போட்டுச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் செய்கிறோம். சைக்கிளில் ஏறியதும் இது எப்படி மறந்துபோகிறது என்று எனக்குப் புரியவில்லை.

என் அப்பா மில் தொழிலாளி. ஒண்டிப்புதூரில் எங்கள் வீடு, சிங்காநல்லூர் பக்கம் மில். அரை நைட் ஷிப்ட் முடிந்தால் வெளியே வர நள்ளிரவு தாண்டிவிடும். சங்கு ஊதியதும் யாரும் தனியாகக் கிளம்ப மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் போகிறவர்கள் மொத்தப் பேரும் மில் கேட் முன்னால் சேர்ந்த பிறகுதான் பெடலில் கால் வைப்பார்கள். டைனமோ எரியாத சைக்கிளை நடுவில் விட்டு, எரிகிறவை முன்னும் பின்னும் வரும். செயின் அறுந்தால் பக்கத்தில் வருகிறவர் தோளில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வீடு வரை வருவார். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால்கள் அவை. அம்மா விழித்திருப்பார். ஒரே நேரத்தில் நாலைந்து மணிச் சத்தம் கேட்டால்தான் அடுப்பைப் பற்றவைப்பார். அவர்களில் யாரும் தன்னை சைக்ளிஸ்ட் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஜெர்சி இல்லை, ஹெல்மெட் இல்லை, லட்ச ரூபாய் கார்பன் ஃபிரேம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை?

இதைக் குரூப்பில் சொன்னதற்குத்தான் எனக்கு "சென்டிமென்ட் அக்கா" என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். ஆனால் எனக்கு வலித்தது, அதை மறைக்கப்போவதில்லை. அந்தக் குரூப்பில் நான் பல வருடமாக இருக்கிறேன். ஆனைகட்டி ஏற்றத்தில் முதல் முறை மூச்சு வாங்கி நின்றபோது, பெயர்கூடத் தெரியாத ஒருவர் இறங்கி வந்து, "மெதுவா வாங்க, நான் கூடவே வர்றேன்" என்று கடைசிவரை பக்கத்தில் ஓட்டினார். அவர் அன்றைக்குத் தன் ஆவரேஜைப் பார்த்திருந்தால் நான் அதோடு சைக்கிளை விற்றிருப்பேன்.

விடியாத இருட்டில் வீட்டை விட்டு இறங்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "குரூப்போடதானே போற?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கேட்டைத் திறந்து விடுகிறார்கள். என் மாமியாரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கதை தெரிந்தால் நாளைக்கு அவரிடம் நான் என்ன பதில் சொல்வது? அந்த இடத்தில் அண்ணனுக்குப் பதில் புதிதாக வந்த ஒரு பெண் நின்றிருந்தால், டிப்பர் லாரிகளுக்கு நடுவில், போன் எடுக்க ஆளில்லாமல்? இதை யோசித்துப் பார்த்தீர்களா? இல்லை, அதற்கும் ஒரு ஆவரேஜ் சொல்வீர்களா?

"ஒரு சின்ன விஷயத்தைப் பெரிசாக்கறீங்க" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

நேற்று அண்ணன் போன் செய்தார். சைக்கிளைக் கொடுத்துவிடலாம் என்று இருப்பதாகவும், வாங்க ஆள் இருந்தால் சொல்லும்படியும் கேட்டார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்கை முடிக்கிற குரலில் சொன்னார். ஆள் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். என் பேச்சுக்காக மட்டும் அவர் வருவார் என்று தோன்றவில்லை. விட்டுவிட்டு வந்தவர்கள்தான் பேச வேண்டும்.

அந்தக் கமெண்ட்டை யாரோ இன்று காலை நீக்கிவிட்டதாகத் தெரிகிறது. அது போதாது. அழைத்தவர்கள் நீங்கள், நம்பரும் உங்களிடம் இருக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பட்டறையில் மெஷின் நிற்கும், அப்போது கூப்பிட்டால் எடுப்பார்.