"ஃப்ரீ சீட்" என்று வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றிலிருந்து என் போன் ஓய்வதே இல்லை. கல்லூரி வாலிபால் கோச்சுகள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். "டீச்சர், உங்க சென்டர் பிளாக்கர் எத்தனை சென்டிமீட்டர்? வேற காலேஜ் யாராவது பேசிட்டாங்களா? நம்மகிட்ட அனுப்புங்க, எல்லாமே ஃப்ரீ."

அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வீட்டில் வாலிபால் ஆடும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

விளாத்திகுளம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் நானும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு கல்லூரிக்குப் போனவள்தான்.

ஆள் எடுப்பது எப்படி நடக்கிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் போகும். முதலமைச்சர் கோப்பையும் உண்டு. மாநிலப் போட்டி நடக்கும்போது மைதானத்துப் படியில் டி-ஷர்ட் போட்ட நாலைந்து பேர் சிறு நோட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஸ்கோரைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. தோற்கிற அணியில்கூட கை நீளமான ஒரு பிள்ளை இருந்தால் கண் அங்கேதான் நிற்கும். பெண்கள் வலை 2.24 மீட்டர், ஆண்கள் வலை 2.43 மீட்டர். அதற்கு மேலே கை எவ்வளவு போகிறது என்பதுதான் முதல் கேள்வி. மேட்ச் முடிந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிச் சுவரோரம் நிற்க வைப்பார்கள். நின்ற வாக்கில் ஒரு தொடல், எம்பி ஒரு தொடல். இரண்டு வெள்ளைத் தடத்துக்கும் நடுவே டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "அம்மா அப்பா உயரமா டீச்சர்?" என்று கேட்பார்கள். இன்னும் வளருமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

கல்லூரிகளுக்கு இதில் என்ன லாபம் என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் முதலில் மண்டல அளவிலும் பிறகு அகில இந்திய அளவிலும் போட்டி நடத்துகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (டீம்ட் யுனிவர்சிட்டி) என்றால் தன் பெயரிலேயே நேராகத் தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். அதனால் முழு அணியையும் ஒரே வளாகத்தில் திரட்டுகிறார்கள். எஸ்.ஆர்.எம். அகில இந்திய அளவில் வாலிபாலுக்குப் பேர் வாங்கியது இப்படித்தான். அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றின் கீழ் வரும் கல்லூரியில் கதை வேறு. அங்கே கல்லூரி அணி அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் மண்டலப் போட்டியில் ஜெயிக்கவேண்டும், அப்புறம் பல்கலைக்கழக அணிக்குப் பிள்ளை தனியாகத் தேர்வாகவேண்டும். இரண்டு இடத்திலும் கோப்பை வந்தால் வாசலில் பேனர் கட்டுவார்கள். அதில் எனக்குக் கோபமே இல்லை. கரிசல் காட்டில் பிறந்த ஒரு பிள்ளைக்குச் சென்னையில் படிக்க வழி திறப்பது அந்தப் பேனர்தான்.

எனக்குக் கோபம், "எல்லாமே ஃப்ரீ" என்பதை யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை என்பதில்தான்.

நான் பார்த்தவரை "ஃப்ரீ" என்ற ஒரே சொல்லுக்குக் கல்லூரிக்கு ஒரு அர்த்தம். ஓர் இடத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும் கிடையாது, ஹாஸ்டலும் மெஸ்ஸும் நாம் கட்டவேண்டும். இன்னோர் இடத்தில் ஹாஸ்டல் ஃப்ரீ, ஆனால் பரீட்சை ஃபீஸ் முதல் லேப் ஃபீஸ் வரை கையிலிருந்து போகும். ஷூ யார் வாங்குவது? சிமென்ட் தரையில் ஆடினால் ஒரு ஜோடி நாலு மாதம் தாங்காது. லீவில் கேம்ப் போட்டால் சாப்பாடு யார் பொறுப்பு? இதெல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் அசல் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஆபீஸ் பீரோவுக்குள் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அடிபட்டால் என்ன ஆகும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி பேர் வேண்டாம். பி.காம். சேர்ந்தேன், அவுட்சைட் அட்டாக்கர், அதாவது வலையின் ஓரத்திலிருந்து பந்தை அடிப்பவள். இரண்டாம் வருஷம் ஒரு இன்டர்-காலேஜ் மேட்ச். பந்தை அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது நடுக்கோட்டைத் தாண்டி வந்திருந்த எதிரணிப் பெண்ணின் கால்மேல் என் கால் பட்டது. முருங்கைக்கிளை முறிகிற மாதிரி முழங்காலுக்குள் ஒரு சத்தம். முழங்காலுக்குள் இருக்கும் தசைநாரின் பேரான ஏ.சி.எல். என்ற மூன்று எழுத்தை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். கோச் நல்ல மனுஷர், ஆஸ்பத்திரிக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார். ஆனால் பணம் கட்டச் சொல்லும் காகிதம் கோச்சின் கையில் இல்லையே. மூன்றாம் வருஷம் தொடங்கியதும் ஆபீஸில் ஒரு மஞ்சள் செலான் கொடுத்தார்கள். மேலே ஓரத்தில் "ஸ்போர்ட்ஸ்" என்று டைப் அடித்திருந்ததைச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்திருந்தார்கள். கீழே முழுத் தொகை. "டீம்ல இல்லன்னா கன்செஷன் கிடையாதும்மா, அதுதான் ரூல்ஸ்" என்றார் கிளார்க். அந்த ரூல்ஸ் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. அப்பா 11 ஆடு விற்றார். நான் டிகிரி முடித்தேன். என்னோடு சேர்ந்த ஒருத்தி அதே மாதிரி நிலையில் பாதியில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். என்னைவிட நன்றாக ஆடுவாள்.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னால் "அது பணக்கார நாடு" என்பார்கள். பணத்தை விடுங்கள், முறையைப் பாருங்கள். அங்கே கல்லூரி வாலிபால் பெரிய விஷயம். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்காவில் ஒரு பெண்கள் வாலிபால் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் 92,003 பேர். 2024-25 வரை அங்கே கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஒரு பெண்கள் அணிக்கு 12 பேர் வரை முழு ஸ்காலர்ஷிப் தரலாம் என்று விதி இருந்தது. இப்போது அந்தக் கணக்கே மாறிவிட்டது, அது தனிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்காலர்ஷிப் என்பது அங்கே எழுத்தில் இருக்கும் ஒப்பந்தம். அதைக் குறைத்தால் பிள்ளை மேல்முறையீடு செய்யலாம். 2015 ஜனவரியில் கான்ஃபரன்ஸ் என்னும் விளையாட்டுக் கூட்டமைப்புகளில் பெரிய ஐந்தைச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் ஓட்டெடுத்து, ஆட்டம் சரியில்லை என்ற காரணத்தைக் காட்டி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்தன. அந்த ஓட்டெடுப்பில் மாணவப் பிரதிநிதிகளுக்கும் ஓட்டு இருந்தது. அங்கேயும் இது தானாக வந்துவிடவில்லை, பிள்ளைகள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வந்தது.

இங்கே நாம் கேட்பதே இல்லை. பி.டி. சார் சொன்னார், கோச் சொன்னார், அவ்வளவுதான். உடற்கல்வி ஆசிரியர்களான நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் பள்ளிப் பிள்ளைக்கு சீட் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். முதல் சில வருஷம் நானும் அப்படித்தான் அனுப்பினேன். என் கதை தெரிந்திருந்தும் அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

பெற்றோர் அடிக்கடி குழப்பிக்கொள்கிற ஒரு விஷயமும் இருக்கிறது. கோட்டா வேறு, ஸ்காலர்ஷிப் வேறு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சர்டிபிகேட்டைப் பார்த்துத் தரவரிசை போடுவார்கள். அது இடம் மட்டும்தான் தரும், ஃபீஸ் நம் தலையில். சர்டிபிகேட்டில் ஜெயித்த போட்டி என்ன நிலையில் நடந்தது, யார் நடத்தியது என்பதுதான் முக்கியம். ஊர்த் திருவிழா மின்னொளிப் போட்டியில் வாங்கிய பத்துக் கோப்பை அங்கே செல்லாது. எட்டாம் வகுப்பிலிருந்தே சர்டிபிகேட்டை ஃபைல் போட்டு வையுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும். முழங்கால் போனாலும் அது போகாது. பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. மார்க் ஓரளவு இருக்கிற பிள்ளை இந்த வழியில் ஒரு நல்ல கல்லூரிக்குள் போய், அங்கே அணியில் ஆடலாமே! கோச் கூப்பிட்டார் என்பதற்காக இதை விட்டுவிட்டு, எழுத்தில் இல்லாத "ஃப்ரீ"யை நம்பிப் போகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எந்தப் பாடம் என்பதையும் கேளுங்கள். சீட் நிரம்பாத கோர்ஸில் தள்ளிவிடுவார்கள், பிள்ளைக்கு அந்தப் பாடம் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. தென்மண்டலப் போட்டி பெரும்பாலும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வரும். செமஸ்டர் பரீட்சையும் அப்போதுதான். போட்டிக்குப் போன நாளுக்கு அட்டென்டன்ஸ் உண்டா, விட்ட பரீட்சையை எப்போது எழுதலாம் என்பதெல்லாம் தெரியாமல் சேர்ந்தால், மூன்று வருஷ முடிவில் கையில் கப் இருக்கும், டிகிரி இருக்காது.

பையன்களுக்காவது கொஞ்சம் பரவாயில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), சுங்கத்துறை, வருமான வரித்துறை, தமிழ்நாடு போலீஸ் என்று வாலிபால் அணி வைத்து வேலை கொடுத்த இடங்கள் பல. இந்திய அணிக்கே கேப்டனாக இருந்த, அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர் உக்கிரபாண்டியன் மாதிரி ஆட்கள் நம் ஊர்ப் பையன்கள் கண்முன்னால் இருக்கிறார்கள். பெண்களுக்கு அந்தக் கதவுகள் குறைவு. ரயில்வேயும் போலீஸும் விட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, ஆனால் அதற்குத் தேசிய அளவு, சர்வதேச அளவு என்று தகுதி வேண்டும். அதனால் பெண் பிள்ளைக்கு வாலிபாலால் கிடைக்கிற பெரிய சொத்து அந்த டிகிரிதான். அதைப் பாதியில் பிடுங்குகிற எதையும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வருஷம் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை. 178 சென்டிமீட்டர். அப்பா சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போடுகிறவர். மூன்று கல்லூரியிலிருந்து அழைப்பு. ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். நான் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். ஹாஸ்டல், மெஸ், பரீட்சை ஃபீஸ், இன்ஷூரன்ஸ், அடிபட்டால் ஆபரேஷன் செலவு, ஆட முடியாமல் போனால் மீதி வருஷ ஃபீஸ். கடைசிக் கேள்வியில் மூன்று கோச்சுகளுமே கொஞ்சம் மௌனமானார்கள். ஒருவர், "என்ன டீச்சர், நல்ல காரியம் பேசும்போது அடிபடுறதப் பத்தி பேசுறீங்க" என்று சிரித்தார். இன்னொருவர், "மேனேஜ்மென்ட் எழுதித் தரமாட்டாங்க, ஆனா நான் பாத்துக்குவேன்" என்றார். அவரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அவரே வேறு கல்லூரிக்கு மாறிவிட்டால்?

மூன்றாவது ஆள் இளவயசு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்டுட்டுச் சொல்றேன் மேடம், எனக்கும் இது தெரியணும்" என்றார். பத்து நாள் ஆயிற்று. "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளையின் அப்பாவுக்கு மற்ற இரண்டும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். பிள்ளை என் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் வாட்ஸ்அப்பில் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வந்தது. டியூஷன், ஹாஸ்டல், மெஸ், பரீட்சை ஃபீஸ் மூன்று வருஷத்துக்கும் கல்லூரி ஏற்கும். ஆட்டத்தில் காயம்பட்டு ஆட முடியாமல் போனாலும், வகுப்புக்கு ஒழுங்காக வந்தால் சலுகை தொடரும். கீழே பிரின்சிபால் கையெழுத்து, சீல். சேருகிற அன்றைக்கு அசலைக் கையில் கொடுத்தார்கள்.

பிள்ளையின் அப்பா அதை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருக்கிறார். போன வாரம் வீட்டுக்குப் போனபோது எடுத்துக் காட்டினார். ஓரத்தில் கரி படிந்த பெருவிரல் ரேகை ஒன்று இருந்தது. "டீச்சர், இந்த ஒரு வரிய மட்டும் திரும்ப ஒருதரம் வாசிங்க" என்றார். காயம் பற்றிய வரிதான் அது. வாசித்தேன்.

ஒரு இளைஞர் போய்க் கேட்டதும் ஒரு கல்லூரி பத்து நாளில் எழுதிக் கொடுத்திருக்கிறது. மற்ற கல்லூரிகளாலும் முடியும். இதைப் படிக்கிற கல்லூரிக் கோச்சுகள் யாராவது இருந்தால், உங்கள் கல்லூரியில் இப்படிக் கடிதம் தருகிறீர்களா என்று கமென்டில் சொல்லுங்கள். தருகிறீர்கள் என்றால் பேரை மறைத்து ஒரு நகல் இன்பாக்ஸில் அனுப்புங்கள். மூன்று நாலு சேர்ந்ததும் தமிழில் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்து இங்கேயே போடுகிறேன். அடுத்த மே மாதத்துக்குள் வேண்டும். பிளஸ் டூவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி பின்வரிசையில் பந்தை எடுக்கும் லிபரோ.