கேப்டன் அடைத்த கடனில் எங்கள் வீட்டு வெள்ளி

கேப்டன் விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று போனார். எல்லாரும் எழுதி ஓய்ந்தபிறகு நான் உட்காருகிறேன். விஜயகாந்த் எத்தனை படம் நடித்தார், எந்தத் தொகுதியில் ஜெயித்தார் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும், அதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு ஒரு கடன் கணக்கைப் பற்றிச் சொல்லவேண்டும், கூடவே என் தப்பு ஒன்றையும்.

அவர் போன அந்த வாரம் எந்தத் தமிழ்நாட்டுச் சேனலைத் திறந்தாலும் ஒரு விஷயம் வந்தது. அவர் நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது, 2002-இல், நடிகர் நடிகைகளைத் திரட்டிக்கொண்டு மலேசியா, சிங்கப்பூர் வந்து கலைநிகழ்ச்சி நடத்தி, வருஷக்கணக்காக நின்ற சங்கத்துக் கடனை அடைத்தார் என்று. உண்மைதான், பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சொல்கிறவர்கள் மலேசியாவை ஏதோ கார்டைச் சொருகினால் காசு கொட்டுகிற மெஷின் மாதிரி சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காசைக் கொடுத்தது யார்? ஒருவரும் கேட்பதில்லை. அதில் கொஞ்சம் வெள்ளி, அதாவது எங்கள் மலேசியக் காசு, எங்கள் அப்பா கொடுத்தது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பா அப்போது செம்பனையில், எண்ணெய் எடுக்கிற பனையில், குலை வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் இன்னும் பதினொரு பேரும் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல், கோலாலம்பூருக்குப் போனார்கள். டிக்கெட் எவ்வளவு என்று இன்றைக்குக் கேட்டாலும் அம்மா பக்கத்தில் இருந்தால் சொல்லமாட்டார். கிழித்துக் கொடுத்த அந்தத் துண்டு மட்டும் பிறப்புப் பத்திரங்கள் இருக்கிற பிஸ்கட் டின்னில் கிடக்கிறது, மை போய் வெறும் மஞ்சள் தாளாக. அந்த மாதம் அரிசி, பால் டின், சோப்பு எல்லாம் சீனர் கடையில் கணக்குப் புத்தகத்தில் எழுதித்தான் வாங்கினோம். அதாவது நடிகர் சங்கத்துக் கடனை அடைக்கப் போய் எங்கள் வீடு கடனாளி ஆனது. அம்மா இதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி கிடையாது.

மேடையில் இருந்தவர்கள் கட்டைவிரல் உயரத்துக்குத்தான் தெரிந்தார்களாம். பாட்டு, ஆட்டம் எதுவும் அப்பாவுக்கு ஞாபகமில்லை. "அவ்ளோ பெரிய ஆளுங்க எல்லாம் ஒருத்தன் கூப்டான்னு வந்து நின்னாங்க பாரு" என்பார். அது ஒன்றுதான் அவருக்கு.

அப்பா அடிப்படையில் எம்.ஜி.ஆர். ஆள். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மொட்டை போட்டவர்களில் அவரும் ஒருவர், இனிமேல் எந்த நடிகனையும் தலையில் தூக்கி வைக்கமாட்டேன் என்றாராம். அப்புறம் வீடியோ கேசட் வந்தது. டிவி இருந்த வீட்டில் ஆளுக்கு ஐம்பது காசு கொடுத்து, சிமெண்ட் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்த காலம். திரையில் வந்த ஆள் எங்கள் நிறத்தில் இருந்தார். வெயிலில் கருத்த எங்கள் சித்தப்பா, மாமா யாரோ ஒருவர் வெள்ளை வேட்டி கட்டி நிற்கிற மாதிரி. கருப்பு எம்.ஜி.ஆர். என்று அங்கே யாரோ சொன்னதை இங்கேயும் பிடித்துக்கொண்டார்கள், அப்பாவின் சபதம் அதோடு போயிற்று.

எங்களுக்கு, பையன்களுக்கு, கேப்டனுடைய உதைதான். சுவரில் ஒரு காலை ஊன்றி எகிறி மறு காலால் அடிப்பாரே, அது. லயத்தில் சுவரைத் தொட்டால் கிழவிகள் விடமாட்டார்கள் என்பதால் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பழகினோம். ஒருநாள் அம்மா பால் வெட்டுகிற மர வரிசையிலேயே, அவருடைய நிரையிலேயே, நான் எகிறினேன். கால் வழுக்கி, மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த மங்கில் பட்டது. அது கம்பியோடு கழன்று கவிழ்ந்து, முக்கால் மங்கு பால் செத்தையில் கொட்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகளுக்கு நடுவில் வெள்ளையாக இறங்கிப்போனது. அம்மா அடிக்கவில்லை. விரலால் வழித்து வழித்து வாளியில் போட்டுப் பார்த்தார், மண்ணும் எறும்பும்தான் வந்தது. அந்த அடி வீட்டுக்குப் போனபிறகு வட்டியோடு வந்தது, அது வேறு.

சரி, அப்பா ஏன் அவ்வளவு பிரியம் வைத்தார்? சண்டைக்காக இல்லை. சோற்றுக்காக. படப்பிடிப்பில் தனக்கு என்ன சாப்பாடோ அதுவேதான் லைட் தூக்குகிறவருக்கும் போடவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதை ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தார். வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு நல்ல மனிதரின் கதை, அவ்வளவுதான். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அப்படி இல்லை. எங்கள் கோயில் திருவிழாவில் ஆபீஸ் ஆட்களுக்கு மேசை போட்டு, நாற்காலி போட்டு, கறியைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார்கள். வருஷம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்து அந்தத் திருவிழாவை நடத்திய எங்களுக்குத் தரையில் பந்தி, மூன்றாவது பந்தியில் வெறும் குழம்பு. அப்பா ஒருதடவை இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குப் பசி. அந்த மனிதர்தான் பின்னாளில் டிக்கெட் வாங்க வேன் ஏறினார். நான் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க இருபது வருஷம் ஆனது.

அரசியலைப் பற்றி நீளமாகப் பேச நான் யார்? 2005-இல் கட்சி ஆரம்பித்தார், 2011-இல் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். எங்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, கைதட்டல் மட்டும்தான். கூட்டணி வைத்ததில் சறுக்கினார் என்பது என் அபிப்பிராயம், அப்பாவிடம் சொல்லமாட்டேன்.

இப்போது என் தப்பு. விஜயகாந்துக்கு உடம்பு முடியாமல் போய், பேச்சு குழற ஆரம்பித்தபிறகு வந்த மீம்ஸ் எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. எங்கள் தோட்டத்துப் பழைய பையன்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பரப்புவதில் நான் முதல் ஆள், ஸ்டிக்கர்கூட செய்து வைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு வீட்டில் கூட்டமாக இருக்கும்போது சிரித்துக்கொண்டே போனை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு முழுசாகப் பார்த்தார். "அவருக்கு என்ன சீக்கு தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அந்த மனிதருக்கு என்ன நோய் என்று ஒருதடவைகூடத் தேடிப் பார்த்ததில்லை. அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 28 அன்று அந்தக் குழுவில் எல்லாரும் கருப்புப் படம் வைத்தார்கள், மெழுகுவர்த்தி போட்டார்கள், அதே ஆட்கள், நானும்தான். போனில் மேலே தள்ளிக்கொண்டே போனால் அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. எனக்கு யார்மேலும் கோபப்பட யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், இரங்கல் எழுதும் முன் பழையதை அழித்துவிட்டு எழுதினோமா?

மறுநாள் ஈப்போவிலிருந்து கிளம்பி அப்பாவைப் பார்க்கப் போனேன். இப்போது டவுனில் மலிவு வீட்டில் இருக்கிறார்கள், நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. கோயம்பேட்டில் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்வது வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே இரவாகிவிடுகிறது. அம்மா மூன்று தடவை சாம்பாரைச் சூடுபண்ணினார், திட்டவில்லை.

நடுவில் ரஜினி பேசியதைப் போட்டார்கள். அதே மலேசியா, சிங்கப்பூர் நிகழ்ச்சிக்கு வந்த சமயம் எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்களாம், தாமதமாக வந்த தன்னை ரசிகர்கள் சூழ்ந்துகொள்ள, பவுன்சர்களாலும் முடியாமல், விஜயகாந்த் இறங்கிவந்து ரெண்டே நிமிஷத்தில் எல்லாரையும் விரட்டிவிட்டுத் தன்னைப் பூப்போலக் கூட்டிக்கொண்டு போனார் என்று சொன்னார். அப்பா அதைக் கேட்டு சத்தமாகச் சிரித்துவிட்டார். "வெரட்டினதுல நம்ம வேன்காரனுங்களும் இருந்திருப்பானுங்க" என்றார். இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான் என்று அம்மா சொன்னார்.

அந்த வேனில் போனவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, தோட்டத்தை விட்டு எல்லாரும் சிதறிவிட்டோம். வேன் கிளம்பும் முன் கடைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்களாம், எங்களிடம் அது இல்லை. யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். அப்பா வலது ஓரத்தில், கட்டம்போட்ட சட்டை, கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் வைத்திருப்பாராம்.