பினாங்கு ஓடைகளில் சாலமண்டரைத் தேட வேண்டாம்

பல்லி போன்ற உருவமும் வாலும் கொண்ட நீர்நில வாழ்வியான சாலமண்டரின் இளவுயிரிகளைக் காட்டில் இனங்கண்டு வளர்ப்பது பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று பயனுள்ளது. ஆயினும், தீபகற்ப மலேசியாவில் இயல்பாக வாழும் சாலமண்டர் இனம் ஒன்றுகூட இல்லை என்பதையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். நமக்கு மிக அருகில் உள்ளவை தாய்லாந்தின் குளிர்ந்த மலைகளில்தான் வாழ்கின்றன.

ஆகவே, பினாங்கின் கொடிமலை அடிவார ஓடையில் பிள்ளைகள் அள்ளிவருவது பெரும்பாலும் தவளையின் தலைப்பிரட்டையாகவே இருக்கும். கண்ணாடிக் குவளையில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள்: சாலமண்டர் குஞ்சுக்குத் தலையின் பின்புறம் இருபக்கமும் இறகு போன்ற செவுள்கள் வெளியே விரிந்திருக்கும்; தலைப்பிரட்டைக்கோ அவை தோலுக்குள் மறைந்துவிடும், கால்களும் பின்பக்கமே முதலில் தென்படும். காலே இல்லாமல் புழுப்போல் நெளிந்து, வாலில் மெல்லிய துடுப்பு இருந்தால், அது சிசிலியன் என்னும் அரிய நீர்நில வாழ்வியின் குஞ்சாக இருக்கலாம். படம் எடுத்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள்.

மீன் கடைகளில் விற்கப்படும் ஆக்சோலாட்டல் மெக்சிகோவைச் சேர்ந்த சாலமண்டர். அதற்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் குளிர்ந்த நீர் வேண்டும் என்பதால், நம் வெப்பத்தில் நீரைக் குளிரூட்டும் கருவி இல்லாமல் வளர்ப்பது அதற்குச் சித்திரவதையே. குழாய் நீரின் குளோரினை நீக்கிய பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். வளர்க்க இயலாதவர்கள் அதைத் தயவுசெய்து ஓடையில் விடாதீர்கள். அதன் உடலில் ஒட்டிவரும் பூஞ்சை நோய் நம் தவளைகளுக்கும் பரவக்கூடும்.