மருதமரத்துக்கும் மேல்காற்றுக்கும் ஏற்ற தூண்டில் கம்பு

இறகால் கட்டிய போலிப் பூச்சியை வீசி மீன் பிடிக்கப் புதிதாகப் பழகுகிறவர் 9 அடி நீளத்தில் 5-ஆம் எண் ஃப்ளை ராடு (அதற்கான தூண்டில் கம்பு) வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீலகிரியில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவருக்குச் சரி. அம்பாசமுத்திரம் பக்கம் அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் அந்த எண் என்னவென்று சொல்லியிருக்கலாம். பலர் அதைக் கம்பின் எடை என்று நினைக்கிறார்கள். அது கம்புக்கு ஏற்ற நூலின் எடையைக் குறிப்பது. நம் மூங்கில் தூண்டிலில் ஈயக்குண்டும் புழுவும் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் கட்டியிருப்பது வெறும் இறகு. நூலின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 5-ஆம் எண் நூலின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம். ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்றுக்கு அது எம்மாத்திரம்? நூல் திரும்பி வந்து என் தொப்பியில்தான் மாட்டியது.

தாமிரபரணிக் கரையில் இன்னொரு வில்லங்கம், பின்னால் நிற்கும் மருதமரம். பின்பக்கம் வீசிய நூல் கிளையில் சுற்றிக்கொள்ளும். அங்கே எட்டடிக்கும் குறைவான கம்புதான் தோது. குளத்தில் தாமரை இலைக்கடியில் கிடக்கும் விராலுக்கோ இன்னும் உறுதியான 8-ஆம் எண் கம்பு வேண்டும். மாட்டியதும் கொடிக்குள் புகவிடாமல் இழுக்கணுமே!

அப்புறம், பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் பொரி தின்னத்தான். அங்கே கம்போடு போய் நின்றுவிடாதீர்கள்.